இரண்டு கொடியும் ஒரு வயலினும்

இசைக்கு எல்லை கிடையாது என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் படபடப்பு வருகிறது. எல்லை உண்டு. எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டில்தான் இருக்கிறது.

என் மகள் யாழினி சர்வதேச வயலின் போட்டியொன்றின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். வீட்டிலிருந்தே நேரலையில் வாசிக்க வேண்டும்; பார்ப்பவர்களின் ஓட்டும் சேரும். ஜெயித்தால் வெளிநாட்டு இசைப்பள்ளியில் இடம். போட்டியிட்ட நாடுகளில் இரண்டுக்குள் சண்டை என்பதால் ஒரு கறாரான விதி: கொடியோ கோஷமோ தென்பட்டால் வெளியேற்றம். 'நம் ஹாலில் எவன் கொடி பிடிக்கப்போகிறான்?' என்று சிரித்தேன். (சிரித்த அந்த வாயை...)

சும்மா இருந்தேனா? ஓட்டு என்றதும் நெய்வேலிக்காரனுக்கு யூனியன்தான் ஞாபகம் வரும். ஷிப்ட் பஸ் நிற்குமிடத்தில் எங்கள் யூனியன் செயலாளர் முருகேசனைப் பிடித்து ஓட்டுக் கேட்டேன். மறுநாளே எதிர் யூனியன் தனசேகர் வழிமறித்தார்.

"இன்னா சார், அவங்களுக்கு மட்டுந்தான் சொல்லுவீங்களா? நாங்க காதுல பஞ்சு வெச்சிகினா இருக்கோம்?"

எனக்குப் பயந்த சுபாவம். அவரிடமும் கேட்டுத் தொலைத்தேன்.

போட்டியன்று யாழினி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துவதற்காக வாசலில் இரு தரப்பும் கொடியோடு வந்து இறங்கின. (கல்யாணத்துக்குக்கூடக் கொடியோடு போகிறவர்கள்.) ஒருவரையொருவர் பார்த்ததும் வந்த காரியம் மறந்துபோயிற்று.

"காண்ட்ராக்ட் தொழிலாளிய பர்மனென்ட் ஆக்கு!" என்றது ஒரு பக்கம்.

"ஆக்க வுடாம பண்ணதே நீங்கதான்டா!" என்றது மறுபக்கம்.

நான் கதவைச் சாத்த ஓடினேன். அதற்குள் ஜன்னலில் ஒரு கொடி, வயலினுக்கு நேர் மேலே, திரையில் அழகாக அசைந்தது.

நடுவர் அம்மையார் வாசிப்பை நிறுத்தினார். "இது எந்த நாட்டுக்கு எதிரான போராட்டம்?"

"நாடு இல்லை மேடம், யூனியன்."

"அந்தக் கொடி?"

"அதுவும் யூனியன்தான். வெளியே இன்னொன்றும் இருக்கிறது." (யாராவது கேட்டார்களா?)

சற்றுமுன்தான் சட்டையில் தன் நாட்டுக் கொடியைக் குத்தியிருந்த ஒரு பையனை வெளியேற்றியிருந்தார்கள். எங்களை விட்டுவிட்டால் அவனுடைய தூதரகம் சண்டைக்கு வருமாம். யாழினியும் வெளியே.

வயலினைப் பெட்டியில் வைத்தபடி, அழுகைக்கு நடுவே கேட்டாள்: "ஏம்பா, மூணாவது யூனியன் வரலையா?"

மறுநாள் இரண்டு யூனியனும் ஜென்மத்தில் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, எங்கள் வீட்டெதிர் பஸ் நிறுத்தத்தில் ஒரு போஸ்டர் ஒட்டின: 'வயலின் யாழினிக்கு நீதி வழங்கு!'

போஸ்டர் எப்போதோ கிழிந்துவிட்டது. ஆனால் பஸ் டிரைவர் இன்றும் அங்கே நிறுத்தி, "நீதி வழங்கு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க!" என்கிறார். யாழினி இறங்குகிறாள். வீட்டுக்குள் நுழைந்து, முதல் வேலையாக என்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள்.