சாந்த சொரூபியும் மூன்றடுக்குக் கேக்கும்

கோபக்காரன் திடீரென்று சாந்தமானால் அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. பயப்படத்தான் செய்கிறார்கள். கருங்கல் ஊருக்குப் போகிற சாலையில், ஒரு கல்யாண நாளில், ஏகப்பட்ட பேர் முன்னிலையில் எனக்கு இது விளங்கியது.

எனக்குக் கருங்கல் சந்தைப் பக்கம் பெயின்ட் கடை. கடைக்கு வருகிறவர்களிடம் தேனொழுகப் பேசுவேன். காரில் ஏறிவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவேன். எங்கள் சாலைகளைப் பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் இறங்குவதற்குள் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரி எதிரே வந்து நிற்கும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார். நான் உடனே இறங்கி நடுரோட்டில் நின்று, "ஏலே, வண்டிய ஒதுக்கு! ஓய், நீரு பின்னால எடும்!" என்று போடுகிற சத்தத்தில் எப்படியோ வழி பிறந்துவிடும். (போலீஸ் இல்லாத வளைவுகளில் நான்தான் போலீஸ். சம்பளம் கிடையாது, பிரஷர் மட்டும் உண்டு.)

அந்தப் பிரஷரை அளந்து பார்த்த டாக்டர், "இப்பிடியே கத்திட்டிருந்தா ஒருநாள் ஸ்டியரிங்லயே சாஞ்சிருவீரு" என்றார். என் மனைவி பிரேமா அன்றைக்கே என் போனில் ஒரு தியான வகுப்பை இறக்கிவைத்தாள். அதில் ஒரு அம்மா, தொட்டில் குழந்தை விழித்துவிடக்கூடாது என்பது போன்ற குரலில் பேசுவார். "வருவதை எதிர்க்காதீர்கள். நல்லது, கெட்டது என்று பிரிக்காதீர்கள். மூச்சைக் கவனியுங்கள். இந்த நொடியில் முழுதாக இருங்கள்."

நானும் இருந்தேன். பல் தேய்க்கும்போது பல்லை மட்டும் நினைத்தேன். சாளை மீன் குழம்பு ஊற்றிய சோற்றைக் கண்ணை மூடி ஒவ்வொரு வாயாக உணர்ந்து சாப்பிட்டேன். "முள்ளு ஏதும் மாட்டிக்கிட்டா?" என்று பிரேமா முதுகில் தட்டினாள். கொஞ்ச நாளிலேயே எனக்கு ஞானம் சித்தித்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்போதுதான் பிரேமாவின் தங்கச்சி லிசாவுக்குக் கல்யாணம் வந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் கேக் வெட்டு. மார்த்தாண்டத்து பேக்கரி ஒன்றில் மூன்றடுக்குக் கேக்குக்குச் சொல்லியிருந்தார்கள். அதை நான் எடுத்துவருகிறேன் என்றதும் மாமி, அதாவது பிரேமாவின் அம்மா, அவளிடம் ஒரேயடியாக மறுத்தார்.

"வேண்டாம் பிள்ளே. மருமவன் வழியில சண்டைக்கு எறங்கிருவாரு. கேக்கு ஸ்டேஷன்லதான் இருக்கும்."

"மாமி, நான் இப்ப பழைய ஆளு இல்ல" என்றேன், அந்தத் தியான அம்மாவின் குரலில். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரைமனதாகச் சம்மதித்து, காவலுக்குத் தன் மகன் அஜினையும் கூட அனுப்பினார்.

பேக்கரியில் கீழ் அடுக்கையும் நடு அடுக்கையும் ஒன்றாக ஒரு பெரிய பெட்டியிலும், மேலே வைக்கிற குட்டிக் கேக்கைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியிலும் கட்டிக்கொடுத்தார்கள். சின்னது முன்சீட்டில் என் பக்கத்தில். பெரியது பின்சீட்டில் அஜினின் மடியில். ஏசியைக் கூட்டிவைத்துக் கிளம்பினோம். குழிகளை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டேன். "அத்தான், சிலதை ஏத்துக்கிடாம ஒதுங்கியும் போலாம்" என்றான் அஜின், பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி.

கருங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் வண்டிகள் நின்றுவிட்டன. டாரஸ் லாரியும் பஸ்ஸும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நின்றன. எங்களுக்கு நேர் முன்னால், கேரளாவில் மீனை இறக்கிவிட்டு இனயம் கடற்கரைக்குத் திரும்புகிற ஒரு லாரி. அதன் காலிப் பெட்டிகளிலிருந்து பழைய ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ்.

"அத்தான், எறங்கி ஒரு சத்தம் போடுங்க. உங்களால மட்டும்தான் முடியும்" என்றான் அஜின். வாழ்நாளில் முதல்முறையாக என் கோபத்துக்கு ஒருவன் மரியாதை செய்தான். நான் அந்த மரியாதையைத் துறந்தேன்.

"அஜின், இது நம்ம கையில இல்ல. மூச்சைக் கவனி."

என்ஜினை அணைத்தேன். கூடவே ஏசியும் நின்றது. வெப்பத்தை எதிர்க்கக்கூடாது அல்லவா? கண்ணாடிகளை இறக்கினேன். மீன் லாரியின் மணம் முழு உரிமையோடு உள்ளே வந்தது. அதையும் நல்லது, கெட்டது என்று பிரிக்கவில்லை.

"அத்தான், ஏசியப் போடுங்க. கிரீம் உருகும்."

"எதிர்க்காதே அஜின்."

அவன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். "கேக்கும் எதிர்க்காமத்தான் உருகுது அத்தான்!"

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. திறந்த பெட்டியை அப்படியே சீட்டில் வைத்துவிட்டு, "நானே போய் வழி பண்ணுதேன்" என்று இறங்கி முன்னால் ஓடினான். நான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

உண்மையைச் சொல்கிறேன், அருமையாக இருந்தது. மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. தூரத்தில் ஒரு ஹாரன். அது வெறும் ஓசை. பிறகு பக்கத்தில் ஒரு ஹாரன். அதுவும் ஓசை. அப்புறம் ஒரே சமயத்தில் பல ஹாரன்கள். யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பாவம், அந்த ஆள் யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆள் நான்தான். அஜின் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி டாரஸைப் பின்னால் எடுக்கவைத்துவிட்டான். முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் நகர்ந்துவிட்டன. மீன் லாரியும் நகர்ந்து ஓரம் கட்டியிருந்தது. இப்போது சாலையை அடைத்துக்கொண்டிருந்த ஒரே வண்டி என்னுடையது.

டவுன் பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். அவருக்கும் எனக்கும் பல வளைவுகளில் பல வருஷப் பகை. சண்டைக்குத் தயாராக வந்தவர் என்னைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயோ, பெயின்ட் கடை அண்ணாச்சி! இவ்வளவு ஹாரன் கேட்டும் இவரு சத்தம் போடாம இருக்காருன்னா, ஆளு போயிட்டாருலே!"

கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் கூட்டம். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். யாரோ என் செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன் மெதுவாக.

"நெஞ்சுவலிக்காரன் எல்லாம் இப்பிடித்தான் சொல்லுவான்" என்றார் மீன் லாரி டிரைவர்.

பதற்றப்படாமல் புன்னகைத்தேன்.

"சிரிக்காரு! என்னயப் பாத்து சிரிக்காரு!" கண்டக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணாச்சி, அன்னைக்கு நான் பேசினத மனசுல வைக்காதீரு. ஆசுபத்திரிக்குப் போயிருவோம்."

நாலைந்து பேர் என்னை அலாக்காகத் தூக்கினார்கள். மீன் லாரி டிரைவர் என் காரை ஓட்டத் தயாராக முன்னால் ஏறினார். பின்கதவு திறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. என்னை உட்காருகிற வாக்கில் உள்ளே தள்ளினார்கள்.

முதலில் ஒரு மெத்தென்ற உணர்வு. பிறகு வெதுவெதுப்பு. பிறகு அட்டை மடிகிற சத்தம். பிறகு கிரீம் எல்லாத் திசைகளிலும் ஏறி வந்தது. அத்தனை நாள் பயிற்சியில் கைகூடாதது அப்போது கைகூடியது. நேற்று இல்லை, நாளை இல்லை. அந்த நொடியில் நான் முழுதாக, இடுப்பளவுக்கு, இருந்தேன்.

அடுத்த நொடியில் கத்தினேன். "ஏலே! கேக்குலே! கல்யாணக் கேக்குலே! எவன்லே என்னயத் தூக்கினது?"

டாரஸ்காரர்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார். கண்டக்டர் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா! ஆளு வந்துட்டாரு!" என்றார். நாலு பேர் கைதட்டினார்கள். அப்போதுதான் திரும்பி ஓடிவந்த அஜின், பின்சீட்டைப் பார்த்துவிட்டு நடுரோட்டிலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மீன் லாரி டிரைவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து, "மாதாவே, கல்யாணக் கேக்கா!" என்று துடித்துப்போனார். எங்களுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று, லாரியை முன்னால் விட்டு ஹால் வாசல்வரை ஹாரன் அடித்து வழி திறந்துகொண்டே வந்தார். அஜின் காரை ஓட்டினான். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். (இன்னொரு சீட்டையும் நாசமாக்குவானேன்?)

ஆராதனை முடிந்து எல்லோரும் ஹாலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். மாமி வாசலில் நின்றார். நான் சின்னப் பெட்டியை நீட்டினேன்.

"பெரிசு எங்க மருமவனே?"

திரும்பி நின்றேன்.

அஜின் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கடைசியில் மாமி, "இதுக்கு நீரு சண்டையே போட்டிருக்கலாம்" என்றார்.

எனக்கு லிசாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அவள் கல்யாணம், அவள் ஆசைப்பட்டுச் சொன்ன கேக். பிரேமா போய்க் காதில் விஷயத்தைச் சொன்னாள். லிசா என்னை எட்டிப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேடையிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மை கலைய, மாப்பிள்ளையின் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் மாப்பிள்ளையும் சிரித்தார். குட்டிக் கேக்கை வெட்டி மேடைக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரு துண்டை வாயில் போட்ட மாப்பிள்ளையின் பெரியப்பா, "முட்டை கூடிப்போச்சோ?" என்றார். அது முட்டையின் மணம் இல்லை என்று எனக்கும் அஜினுக்கும் மட்டும்தான் தெரியும்.

தியானத்தை நான் விடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறேன், வண்டியை ஓரம் கட்டிவிட்டு. கண்டக்டர் இப்போது என்னைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு சத்தம் போடும்!" என்பார். நான் ஒரு சத்தம் போட்டபிறகுதான் விசில் கொடுப்பார்.

லிசாவும் மாப்பிள்ளையும் துபாயில் இருக்கிறார்கள். கல்யாண நாள்தோறும் வீடியோவில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டுவார்கள். கத்தியைக் கேக்கின் மேல் வைத்துவிட்டு லிசா நிறுத்துவாள்.

"அத்தான், நிக்கியளா, இருக்கியளா?"

நான் எழுந்து நின்று காட்டியபிறகுதான் வெட்டுவாள்.