ஒரே ஒரு சிவப்பு விமானம்

கல்யாணமான புதிதிலேயே நர்சீசா சட்டம் போட்டுவிட்டாள். இந்த வீட்டில் ஒரு மனைவி, ஒரு விமானம். இரண்டில் எது கூடினாலும் மற்றது குறையும்.

மனைவி விஷயத்தில் நான் சட்டத்தை மீறியதில்லை. துணிச்சல் கிடையாது. விமான விஷயத்தில் மீறினேன்.

விமானம் என்றால் ஆள் ஏறுகிற விமானம் இல்லை. எடையே இல்லாத பால்சா மரத்தில் எலும்புக்கூடு செய்து, மேலே துணி ஒட்டி, சின்ன எஞ்சின் பூட்டி, தரையில் நின்றபடி ரேடியோவில் ஓட்டுகிற விமானம். அதிலும் இந்தக் காலத்து பேட்டரி, தெர்மோகோல் சமாசாரத்தையெல்லாம் நான் தொடமாட்டேன். வரைபடம் என்னைவிட வயதில் மூத்ததாக இருக்க வேண்டும். புகை வர வேண்டும். தெரு நாய்கள் ஓட வேண்டும். எங்கள் ஊர் கெவேதோவில் பால்சாவுக்குப் பஞ்சமில்லை. நான் குமாஸ்தாவாக இருப்பதே பால்சா ஆலையில்தான். மற்றவர்கள் வீட்டுக்கு மீன் வாங்கிப் போவார்கள். நான் சுள்ளி கொண்டுபோவேன்.

என் திட்டம் எளிமையானது. எத்தனை விமானம் செய்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வேஷம். சிவப்பு உடம்பு, வெள்ளை இறக்கை, வாலில் நீல நிறத்தில் ஏழு. ஒன்று கூடத்து உத்தரத்தில் தொங்கும். மற்றவை தலைமறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பாக ஒன்று வெளியே போகும். மதியம் சிவப்பாக ஒன்று உள்ளே வரும். போனதும் வந்ததும் ஒன்றா என்று கேட்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.

"ஓல்மெதோ, போன வாரம் இறக்கை மேல இருந்துச்சு. இப்ப அடியில இருக்கு."

"காத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்."

"வால் நீண்டிருக்கு."

"பால்சா. மழை ஈரத்துல உப்பும்."

"ரெண்டு சக்கரம்தானே இருந்துச்சு. இப்ப மூணு இருக்கு."

"அது ஸ்டெப்னி."

நர்சீசா என்னைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"சரி, ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"வீடு பூரா விளக்கெண்ணெய் நாத்தம்."

"எஞ்சினுக்கு ஊத்துறது. அதுல கலந்திருக்கும்."

"நான் எஞ்சினைச் சொல்லல."

மழைக்காலம் வந்தது. எங்கள் கிளப்பின் ஓடுதளம் வாழைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் விமானங்கள் இறங்குகிற மண் பாதை. மழையில் அது குளமாகிவிடும். வெயில் திரும்பும்வரை யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆளாளுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து மரம் செதுக்குவோம். நான் செதுக்கியது என் வாழ்நாள் விமானம். அந்தக் காலத்து வித்தை விமானம். தாழ்ந்த இறக்கை, சுறாமீன் வயிறு, குட்டிக்கரணம் போடப் பிறந்த உடம்பு. வெயில் வந்ததும் கிளப்பில் பழைய வரைபட விமானங்களுக்கு மட்டும் ஒரு போட்டி நடக்கும். வருஷா வருஷம் அந்தக் கோப்பையைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் குமெர்சிந்தோ தூக்கிக்கொண்டு போவார். பல்லைப் பிடுங்கிப் பழகிய கை, கோப்பையையும் அப்படியே பிடுங்கும். இந்த வருஷம் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சிவப்படித்து, ஏழு போட்டு, பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குளியலறைப் பரண் காலியானது.

அங்கே ஒரு விமானம் இருந்தது. இறக்கையைக் கழற்றி, தகரத்தால் மூடி, பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது தகரம் மட்டும் இருந்தது. நாற்காலிமேல் ஏறித் தலையைப் பரணுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல. எலி."

"எப்படி இருக்கும்? சிவப்பாவா?"

இறங்கிவிட்டேன். சமையலறையில் புதிதாக ஒரு மின்விசிறி நின்று சுழன்றுகொண்டிருந்தது.

"இது ஏது, நர்சீசா?"

"வந்துச்சு."

"எங்கேருந்து?"

"காத்து வருதா இல்லையா? வருதுல்ல. அப்புறம் என்ன?"

கொஞ்ச நாளில் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது போயிற்று. கூடத்துக்குத் தையல் மெஷின் வந்தது. நான் என்ன செய்ய முடியும்? திருட்டுப் போனது என்று போலீசுக்குப் போகலாம். என்ன போனது என்று கேட்பான். விமானம் என்பேன். வீட்டுக்கு வந்து விசாரிப்பான். அது தொங்குதே என்பாள் அவள்.

ஒருநாள் சாப்பிடும்போது சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

"ஏன் நர்சீசா, வீட்டுல ஏதாவது காணாமப் போயிருக்கா?"

"என்ன காணாமப் போகணும்?"

"பொதுவா கேக்கறேன்."

"பொதுவா ஒண்ணும் போகல. உன் விமானம் அதோ இருக்கு. உனக்கு இருக்கிறது ஒண்ணுதானே?"

தட்டில் இருந்த வாழைக்காய் உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"கேக்கறேன்ல. ஒண்ணுதானே?"

முழுங்கினேன். "ஒண்ணுதான்."

போட்டிக்கு முந்தின வாரம் அவளுக்குப் பல்வலி. மத்தியான வேளைகளில் டாக்டர் குமெர்சிந்தோவிடம் போய் வந்துகொண்டிருந்தாள். எனக்கு அது வசதியாக இருந்தது. அவள் அங்கே போனதும் நான் அலமாரிக்குப் பின்னால் போவேன். போர்வையை விலக்கி என் சுறாமீனைத் தடவிவிட்டு வருவேன். சனிக்கிழமை போனேன். போர்வை இருந்தது. மடித்து, இஸ்திரி போட்டு இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? அன்று சாயங்காலம் நர்சீசா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையாக, வெள்ளையாக, எல்லாப் பல்லும் தெரிந்தது. நாளைக்கு நானும் மைதானத்துக்கு வர்றேன் என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை கூடத்தில் தொங்கியதை இறக்கி வண்டியில் ஏற்றினேன். பழக ஆரம்பிக்கிறவர்களுக்காக வரைந்த சாது விமானம் அது. அதைக் கொண்டு கோப்பை வாங்குவது மாட்டு வண்டியில் ரேசுக்குப் போவது மாதிரி.

மைதானத்தில் எல்லோரும் என்னிடம் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். மின்சாதனக் கடை வைத்திருக்கும் இலாரியோ ஓடி வந்து, மரியாதையாகப் பெயருக்கு முன்னால் தோன் போட்டு அழைத்து, என் கையைப் பிடித்தான்.

"பாத்து, தோன் ஓல்மெதோ. இங்க ஒரு பள்ளம். காலை வலது பக்கமா வைங்க."

"எனக்குத் தெரியுதுப்பா."

"தெரியும், தெரியும்," என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். தையல் மெஷின் விற்கும் கிளப் செயலாளர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். வேறு யாருக்கும் நாற்காலி இல்லை.

அப்புறம்தான் ஓடுதளத்தைப் பார்த்தேன். மூன்று சிவப்பு விமானங்கள். மூன்றுக்கும் வெள்ளை இறக்கை. மூன்றின் வாலிலும் நீல ஏழு. ஏழு ஏழாகப் போட்டவன் ஏழையாகி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இலாரியோவிடம் பரண் விமானம். செயலாளரிடம் அரிசி மூட்டை விமானம். டாக்டர் குமெர்சிந்தோ மண்டியிட்டு என் சுறாமீனுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நர்சீசா தூரத்தில் குடைக்குக் கீழே கூடையைத் திறந்து வைத்து எல்லோருக்கும் உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே. அந்தப் பல்லில் என் சுறாமீன் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

எழுந்து டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

அவர் முகம் இளகிவிட்டது. எழுந்து என் தோளில் கை வைத்தார்.

"பேசக்கூடாதுன்னு தோன்யா நர்சீசா சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா நீங்களே கேக்கறீங்க. வெட்கப்படாதீங்க, தோன் ஓல்மெதோ. கண்ணு மங்குறது யாருக்கும் வரும்."

"யாருக்குக் கண்ணு மங்குது?"

"இதே மாதிரிதான் மறுப்பீங்கன்னு சொன்னாங்க. பறக்கவிட முடியாம, விக்கவும் மனசில்லாம வீட்டுல தடவிக்கிட்டே உக்காந்திருக்கார், நல்ல கையில போய்ச் சேரட்டும்னாங்க. அப்படியே கண்ணு கலங்கிட்டாங்க."

"டாக்டர், எனக்குக் கண்ணு நல்லா…"

"ஓல்மெதோ," என்று பின்னாலிருந்து நர்சீசாவின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் உருண்டைத் தட்டு. "இங்க நிக்கிறதெல்லாம் உன்னுது மாதிரியே இருக்கே. இதுல எதுவும் உன்னுதா?"

கிளப் முழுக்க என்னைப் பார்த்தது. என்னுது என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை வருஷத்து ஸ்டெப்னி, உப்பின வால், எல்லாவற்றுக்கும் அங்கேயே கணக்குச் சொல்ல வேண்டும். சுறாமீனைப் பார்த்தேன். மூக்கில் நான் தேய்த்த பளபளப்பு வெயிலில் மின்னியது.

"இல்ல," என்றேன். "என்னுது ஒண்ணுதான்."

"அதானே," என்று எனக்கு ஒரு உருண்டை கொடுத்தாள்.

முதலில் என்னைப் பறக்கவிடச் சொன்னார்கள். என் கண் என்னவோ சுறாமீன் மேலேயே இருந்தது. சாது விமானம் சாதுவாக எழுந்து, சாதுவாக ஒரு வட்டம் போட்டு, சாதுவாக வாழைத் தோட்டத்துக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள். இலாரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். பார்வை போன மனுஷன் இவ்வளவு தூரம் ஓட்டியதே பெரிது என்று செயலாளர் மைக்கில் சொன்னார்.

கடைசியில் டாக்டர் சுறாமீனை எழுப்பினார். அந்த எஞ்சின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நேராக மேலே போயிற்று. தலைகீழாகப் புரண்டது. எட்டு போட்டது. இறக்கையில் ஒரு நடுக்கமில்லை. இறங்கும்போது மண்ணுக்குக்கூட வலித்திருக்காது. நான் நினைத்ததைவிட நன்றாகச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பறந்ததற்கு ஒரு கோப்பை, செய்நேர்த்திக்கு இன்னொரு கோப்பை. இரண்டும் டாக்டருக்கு. நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அதை வெளியே சொல்லக்கூடாது என்றும் தெரிந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நர்சீசா பேசிக்கொண்டே வந்தாள்.

"அந்த டாக்டர் விமானத்தை என்னமா செஞ்சிருக்கார். பாத்தியா?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறுமைசாலி. பல் வேலையே அவ்வளவு நறுவிசு. மரவேலை கேக்கணுமா? நீயும்தான் செய்யறே."

கியர் மாற்றினேன்.

"அவர்கிட்ட கொஞ்சம் கத்துக்கயேன், ஓல்மெதோ."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"அது நான் செஞ்சது," என்றேன். "ஒவ்வொரு குச்சியும் நான் செஞ்சது. அவர் எண்ணெய் ஊத்தினார், அவ்வளவுதான். அங்க நின்னதெல்லாம் நான் செஞ்சது. எனக்கு ஒண்ணு இல்ல, நர்சீசா. அஞ்சு. இந்தக் கையால அஞ்சு விமானம் செஞ்சிருக்கேன்."

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. மனிதன் உண்மையைப் பேசும்போது எவ்வளவு உயரமாகிவிடுகிறான். அவள் அழுவாள், அல்லது மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

நர்சீசா விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"பரண்ல ஒண்ணு. அரிசி மூட்டைக்குப் பின்னால ஒண்ணு. அலமாரிக்குப் பின்னால ஒண்ணு. வாழையில சொருகினது ஒண்ணு." சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சுன்னா சொன்னே?" என்றாள் மெதுவாக. "வீட்டுல நான் தேடாத மூலை இல்ல. உன் ஆலையில மரம் காயவைக்கிற கொட்டாய்ச் சாவி, உன்கிட்டதானே இருக்கு?"

புதன்கிழமை எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்கும் மெஷின் வந்தது.