மேல்மாடிக்குப் பரீட்சை

"நான் என் வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை."

கேள்வித்தாளில் இந்த வாக்கியத்துக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று 'ஆம்', இன்னொன்று 'இல்லை'. மேல்மாடி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு யோசித்தார். சம்பளம் கொடுக்கிற கம்பெனி கேட்கிறது. நான் பொய் சொல்லுவேன் என்று எந்த மடையனாவது எழுதிக் கொடுப்பானா? 'ஆம்' கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று போயிற்று. அவருக்குக் கோபமே வந்ததில்லை. யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. மேலதிகாரியை மனசுக்குள்கூடத் திட்டியதில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அந்தத் தாளில் இருந்த மகானைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல அவருக்கே தோன்றியது.

மேல்மாடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேன் இருக்கிறதே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதை ஓட்டுகிற இவர் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஆள் எப்போதும் மேலேயே இருப்பதாலும், அந்த மேல்மாடி காலியா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவருக்கு அந்தக் கூண்டுதான் சொர்க்கம். அங்கே யாரும் வந்து எப்படி இருக்கீங்க என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவர் மனைவி ஆரம்ப காலத்தில் சொல்லிச் சிரிப்பதுண்டு. பிறகு சிரிக்காமல் சொன்னாள். மகள் கல்யாணமாகிப் போனபிறகு சொல்வதையே நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால், இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதிலுக்கு வணக்கம் சொல்லுகிறாள். என்ன இது கூத்து என்று ஒருநாள் மேல்மாடி கேட்டதற்கு, "அவளாவது சொல்றாளே" என்றாள்.

இந்த நிலைமையில்தான் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உளவியல் தகுதித் தேர்வு எழுத வேண்டுமாம். எதற்கு என்று அதில் இல்லை. நிர்வாகம் சொல்லாமல் விட்டதைச் சொல்லுவதற்கென்றே பக்கத்து கிரேனில் ஒருவன் இருந்தான். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

"ஃபெயிலானா வாசல் கேட்டுக்கு அனுப்பிடுவாங்கண்ணே" என்றான் வக்கீல். "லாரிக்காரனுக்குச் சீட்டு கிழிச்சுக் குடுக்கற வேலை. நாள் பூரா வெயில்ல நின்னு பேசிட்டே இருக்கணும்."

வெயிலைப் பற்றி மேல்மாடிக்குக் கவலையில்லை. நாள் பூராவும் பேச வேண்டும் என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. அவர் மகானாக மாறியது இப்படித்தான்.

தேர்வில் கைவேலையும் உண்டு. மரக்கட்டைகளைக் குழியில் பொருத்துவது, சிவப்பு விளக்கு எரிந்தால் கால் கட்டையை மிதிப்பது. அதில் அவரை அடிக்க ஆளில்லை. தேர்வு நடத்த வந்த டாக்டரம்மா நேரம் பார்ப்பதற்குள் கட்டைகளெல்லாம் குழிக்குள் உட்கார்ந்துவிட்டன. ஆனால் கேள்வித்தாளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. மறுபடி வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

"சார், உங்க பதில்ல பொய் ரொம்ப அதிகமா இருக்கு."

"எதும்மா பொய்?"

"பொய்யே சொன்னதில்லைன்னு போட்டிருக்கீங்களே, அதுதான் சார் பொய். அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் ஆளைப் பிடிக்கறதுக்குன்னே வெச்சது."

மேல்மாடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லவன் என்று சொன்னால் பொய்யன் என்கிறார்களே, இது என்ன நியாயம்? மகள் வயசுப் பெண்ணிடம் போய் வாதாடவும் அவருக்கு வராது. இன்னொரு தடவை எழுதலாம் என்று அவளாகவே இரக்கப்பட்டு நாள் குறித்துக் கொடுத்தாள்.

வக்கீலிடம் போய் நின்றார். போகாமல் இருந்திருக்கலாம்.

"இந்தத் தடவை உண்மையை எழுதுங்கண்ணே. முழு உண்மை. அதை எவனாலும் அசைக்க முடியாது" என்றான் அவன். மை கொட்டிய மாதிரி படங்கள் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பார்கள், எதைக் காட்டினாலும் பட்டாம்பூச்சி என்று சொல்லிவிடுங்கள் என்று கூடுதலாகவும் ஓதி அனுப்பினான்.

மேல்மாடி உண்மையை எழுதினார். 'மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் எனக்குக் கேட்கின்றன' என்றது ஒரு கேள்வி. கேட்காமல் என்ன? காலையில் ஹெட்போனை மாட்டினால் இறக்கு, நிறுத்து, இடது பக்கம் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது? ஆம். 'யாரோ என்னைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள்.' கீழே கொடியோடு நிற்கிறவனுக்கு அதைத் தவிர வேறு என்ன வேலை? ஆம். 'அந்தக் குரல்கள் இடும் கட்டளைப்படி நடந்துகொள்கிறேன்.' நடக்காவிட்டால் பெட்டி எவன் தலையிலாவது விழுமே! ஆம், ஆம் என்று இரண்டு டிக் போட்டார்.

டாக்டரம்மா அதைப் படிக்கும்போது நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள். பிறகு மைக்கறை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

மேல்மாடி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பட்டாம்பூச்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் உண்மையைச் சொல்லுவது என்று முடிவு பண்ணி வந்தவராயிற்றே.

"ஆயில் லீக்கும்மா."

அடுத்த அட்டை.

"இதுவும் ஆயில் லீக்தான். கொஞ்சம் பெருசு. மெக்கானிக்கைக் கூப்பிடணும்."

மூன்றாவது அட்டை வந்தபோது வக்கீல் சொன்னது உறைத்தது. "பட்டாம்பூச்சி" என்றார். அதோடு விட்டாரா? "ஆனா ஆயில் ஒழுகுது" என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனிதன் ஒருவனை வரையச் சொன்னாள். அவர் ஒரு வட்டம் போட்டு, அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் புடைப்பாகத் தோள் வைத்தார். அவ்வளவுதான். முகம் எங்கே, கை கால் எங்கே என்று அவள் கேட்டாள். மேலேயிருந்து பார்த்தால் மனிதன் இப்படித்தான் இருப்பான் என்று மேல்மாடி பொறுமையாக விளக்கினார்.

"சரி, வீட்ல இருக்கறவங்க யாரையாவது வரையுங்க சார்."

இன்னொரு வட்டம். அதன் நடுவே நேராக ஒரு கோடு.

"இது யாரு?"

"என் சம்சாரம்."

"இந்தக் கோடு?"

"வகிடு."

டிவி முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள், இவர் வேலை முடிந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பார். தெரிவது அதுதான். அவள் முகத்தை வரைய வேண்டுமானால் எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். பிடிபடவில்லை. அது அவருக்கே என்னவோ போல இருந்தது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டாள். இப்போதைக்கு முடிவு எழுதாமல் வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்களிடமும் பேசிவிடுகிறேன் என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அன்றைக்கு வீட்டில் அவர் பேசியது, ஒரு வருஷத்தில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அதைவிட அதிகம். தேர்வு, மகான், குரல், ஆயில் எல்லாவற்றையும் சொன்னார். வட்டத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"பாஸானா என்ன ஆகும்?"

"மேலேயே இருக்கலாம்."

"ஃபெயிலானா?"

"கீழே. கேட்டுல."

"வரேன். ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது. கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்" என்றாள்.

அதோடு தன் கதை முடிந்தது என்று மேல்மாடி தீர்மானித்துவிட்டார். உள்ளதைச் சொன்னால் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்பதுதானே உள்ளது. மறுநாள் கூண்டில் ஏறியவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்துத் தேய்த்தார். அழுகை வந்தது. மேலே அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மனைவியை வராண்டா பெஞ்சில் உட்காரவைத்து, முதலில் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் அறையிலிருந்து வாட்ச்மேன் கூண்டு வரைக்கும் டீ கொண்டுபோகிற அம்மா, காலி டம்ளர்களோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெண்களும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முட்டி வலியைப் பற்றியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவளையும் அழைத்தார்கள். டாக்டரம்மா முதல் வேலையாக அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இது நீங்கன்னு சொல்றாரும்மா."

அவள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நடுக்கோட்டின்மேல் விரலை ஒரு தடவை ஓட்டினாள். மேல்மாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளையாட்டுக்குப் போட்டிருப்பாரு" என்றாள் அவள். "வீட்லயும் இப்படித்தான். ஓயாத விளையாட்டு."

மேல்மாடி நிமிர்ந்தார்.

அவள் நிறுத்தவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே இவர் பேச்சு தெருமுனை வரைக்கும் கேட்குமாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, கால் வலி எப்படி இருக்கிறது என்று தொணதொணத்துக்கொண்டே இருப்பாராம். லீவு நாளில் அக்கம்பக்கத்தார் இவர் பேச்சைக் கேட்கவே வந்து உட்காருவார்களாம். குரல் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாரே என்று டாக்டரம்மா தயங்கிக் கேட்டாள். அது ஹெட்போனில் கேட்கிறதம்மா, இவருக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது, எல்லாவற்றிலும் ஒரு தமாஷ் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டாள். குறித்து வைத்திருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் மேல்மாடிக்கு நெஞ்சு கசிந்தது. என்னை மேலேயே வைத்திருப்பதற்காக, பொய்யே வராதவள் இப்படிப் புளுகினாளே! ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் தேடினார். கடைசியில், "டீ சாப்பிடறியா?" என்றார். அவள் குடித்துவிட்டதாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆபீசர் கூப்பிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

"பிரமாதம் மேல்மாடி! கலகலப்பா பழகற ஆளுன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. நம்ப முடியலை. நாளையிலேருந்து நீங்க கீழே."

"கீழேயா? நான் பாஸாச்சே சார்."

"பாஸானதாலதான்யா கீழே!"

ஆபீசர் விளக்கினார். புதிதாக வந்திருக்கிற கிரேன்களில் ஆள் ஏற வேண்டாமாம். கீழே ஒரே அறையில் எல்லோரும் வரிசையாகத் திரை முன்னால் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே பெட்டிகளை நகர்த்த வேண்டுமாம். கூடிப் பழகத் தெரிந்தவர்களைப் பொறுக்குவதற்குத்தான் அந்தத் தேர்வு. பழகவே வராதவர்கள் ரிட்டயர் ஆகும்வரை பழைய கிரேனிலேயே தனியாகக் கிடக்க வேண்டியதுதான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதுவீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்றார்.

"சார், எனக்குக் குரல் கேக்குது சார்" என்றார் மேல்மாடி. ஏறக்குறையக் கெஞ்சினார்.

"பாத்தீங்களா, இந்தத் தமாஷைத்தான் உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க" என்று ஆபீசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயே திறக்காத நுணலும் கெட்டது. அவர் முதல் தடவை எழுதியதை அப்படியே விட்டிருந்தால் போதும். ஆயில் லீக்கோடு நிறுத்தியிருந்தால் இன்னும் விசேஷம். கேள்விக்குக் கேள்வி டாக்டரம்மாவோடு சட்டம் பேசிச் சண்டை போட்ட வக்கீல் அழகாக ஃபெயிலாகி மேலேயே தங்கிவிட்டான். பேச ஆளில்லாமல் அவன் இப்போது கொடிக்காரனை ஹெட்போனில் கூப்பிட்டு உயிரை வாங்குகிறான் என்று கேள்வி.

மேல்மாடி கடைசியாக ஒரு தடவை கூண்டில் ஏறி உட்கார்ந்தார். கீழே சின்னச் சின்ன வட்டங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. நாளையிலிருந்து அவற்றுக்கெல்லாம் வாய் முளைத்துவிடும்.

வீட்டில் அவள் வழக்கம்போல நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் போய் நின்றார். வகிடு தெரிந்தது.

"பாஸாயிட்டேன்" என்றார். "ஆனா நாம நினைச்ச மாதிரி இல்ல. பாஸானவங்களைத்தான் கீழே இறக்கறாங்களாம். பாவம், எனக்காக நீ அவ்வளவு பொய் சொன்னே. எல்லாம் வீணாப்போச்சு."

அவள் டிவியை அணைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் வீணாப்போகலைங்க. பாஸானா கீழே இறக்கிடுவாங்கன்னு டீ கொண்டு வந்த அம்மா வராண்டாவிலேயே சொல்லிட்டாங்க. இல்லேன்னா அந்தப் பொண்ணுகிட்ட நான் எதுக்கு அவ்வளவு பொய் சொல்லப்போறேன்?"