வெங்காய மூட்டைமேல் சபாநாயகர்

இரண்டாம் உலகப்போர் இன்னும் முடியவில்லை என்று, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நம்பியவர் ஒருவர்தான்: எங்கள் 'பிரதமர்'. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் உணவகத்தில் அவரும் நானும் தட்டுக் கழுவினோம்; எங்கள் ஊர்ப் பேச்சில் 'கோப்பை'.

போர்க்காலத்தில் பிரித்தானியப் பிரதமர் ஒருவர் நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுகளின் தொகுப்புத்தான் அவருடைய வேதம். சேன் நதிக்கரையில் பழைய புத்தகமாக வாங்கியது. புறநகரான சார்செலிலிருந்து வரும் காலை ரயிலில் அதை உரத்து வாசிப்பார். மூச்சுவிட இடமில்லாத பெட்டியில் அவரைச் சுற்றி மட்டும் நாலு இருக்கை காலியாக இருக்கும்.

"எங்களை அடக்கி ஆண்ட ஆக்களின்ரை பேச்சல்லோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆண்டது பிழை. பேசினது திறம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்."

எனக்கு இலக்கியம் தெரியும். தட்டுக் கழுவத் தெரியாது. ஒரே வாரத்தில் பதினேழு தட்டுகளை உடைத்தேன். வெள்ளிக்கிழமை காலை முதலாளி என்னை நிறுத்தப் போவதாக அறிவித்தார். வேலை போனால் சம்பளத் துண்டு இல்லை. அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

பிரதமர் ஏப்ரனைக் கழற்றினார். "சபை கூடுது" என்றார்.

நாடாளுமன்றத்தில் எதிரணியைப் பார்த்துப் பேசக் கூடாதாம். சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டுமாம். ஆகவே எங்கள் ஊர்ச் சமையற்காரரை வெங்காய மூட்டைமேல் ஏற்றி இருத்தினார். முதலாளி பக்கத்திலேயே நிற்க, அவரைத் திரும்பியும் பாராமல், சமையற்காரரிடம் தமிழில் முழங்கினார்.

"கனம் சபாநாயகர் அவர்களே! வெள்ளமாய் வந்த கோப்பையளுக்கு முன்னாலை என்ரை கனம் நண்பர் தனிய நிண்டவர். பின்வாங்கினவரோ? இல்லை! உடைஞ்சது கோப்பை. அவர் உடையேல்லை!"

பத்து நிமிடம் போயிற்று. "என்ன சொல்கிறார்?" என்று முதலாளி சமையற்காரரைக் கேட்டார்.

"வழுக்கிட்டுதாம், முசியே" என்று அவர் பிரெஞ்சில் சுருக்கினார்.

"பொய்!"

பிரதமர் அதிர்ந்தார். "சபையிலை 'பொய்' எண்ட சொல் ஆகாது! உறுப்பினர் அதை மீளப் பெறவேணும்!" அதை முதலாளிக்கு மொழிபெயர்க்கச் சமையற்காரருக்குத் துணிவில்லை. சொல் மீளப் பெறப்படாததால் பிரதமர் உரையை முதலிலிருந்து தொடங்கினார்.

மணி பதினொன்றரை. வெளியே வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வெங்காயம் முழுவதும் சபாநாயகருக்குக் கீழே.

முதலாளி இரண்டு கைகளையும் உயர்த்தினார். "இருக்கட்டும்! அவன் இருக்கட்டும்! வெங்காயத்தை வெட்டுங்கள்!"

"தீர்மானம் நிறைவேறினதெண்டு பதியுங்கோ" என்றார் பிரதமர், அப்போதும் சபாநாயகரைப் பார்த்தே.

அன்று முதல் தட்டுகளையெல்லாம் அவரே கழுவினார். எனக்கு அலுமினியச் சட்டிகளை ஒதுக்கினார்.

அடுத்த மாதம் புது அட்டை வந்ததும் நேரே அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டி, இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அரைமணி நேர உரைக்கு என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவரோ ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அட்டையை என் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் அவரே பூட்டிவிட்டார்.