கும்பத்துக்கடியில் கிடந்த தடயம்

காலை ஒன்பது நாற்பதுக்கு நான் குற்றவாளியானேன். அதுவரை வெள்ளவத்தையில் நல்ல மனிதன்.

நவராத்திரி முதல்நாள். பத்தரைக்குச் சுபநேரம். கும்பத்தின் கீழ் பரப்பி நவதானியம் விதைக்க மண் இல்லை என்று மனைவி வதனி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நாலாம் மாடியில் குடியிருப்பவன் மண்ணுக்கு எங்கே போவது? (கடல் மணல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "அதிலை என்னப்பா முளைக்கும்?" என்று அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.)

மகள் யாழினியின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். உள்ளே அரித்துக் காயவைத்த அருமையான மண். மூடியைச் சுற்றி ரேப் நாடா ஒட்டியிருந்தது. பிள்ளைக்கு என்ன பக்தி என்று நெகிழ்ந்து, அதைப் பிரித்தேன்.

கும்பம் வைத்து முடிய, பல்கலைக்கழகத்திலிருந்து யாழினி ஃபோன் எடுத்தாள். "அப்பா, மேசையிலை இருக்கிற போத்தலைத் தொட்டிடாதேங்கோ."

"ஏனம்மா?" என்றேன்.

எந்த மண்ணும் மிகச் சிறிதளவு கதிர்வீச்சை வெளிவிடுமாம். அதை அளந்தால் மண் எந்த இடத்தது என்று ஊகிக்கலாமாம். லொறிச் சில்லில் ஒட்டிய சேற்றைக் கொலை நடந்த இடத்தோடு பொருத்துவதும் இப்படித்தானாம். பேராசிரியர் ஊரைச் சொல்லாமல் கொடுத்த மண் அது. கண்டுபிடிப்பதுதான் அவளுடைய இறுதிச் சோதனை. காற்றுப் புகாமல் நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம், மூடி வைத்திருந்தாள். நாளைக்கு அளக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கீழ்வீட்டு ரீச்சரின் ரோசாச் சாடியைக் கிண்டி, மா அரிதட்டில் அரித்து, போத்தலை நிரப்பி, ரேப்பையும் ஒட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் யாழினி அழுத கண்களோடு வந்தாள். "பொட்டாசியம் எக்கச்சக்கம், அப்பா. இது உரம் போட்ட மண். நான்தான் மாத்தினனான் எண்டு சேர் நினைக்கிறார். என்ரை டிகிரி போச்சு."

அணு விஞ்ஞானத்தின் முன் நான் அரை நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"இப்பவே அந்த மண்ணை எடுங்கோ!"

"தொட்டுப் பார்! விஜயதசமி வரைக்கும் கும்பத்தை அசைக்கேலாது. முளையும் வந்திட்டுது!" வதனி குறுக்கே நின்றாள்.

யாழினி அழுதழுது பேராசிரியருக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

வருடங்கள் கழிந்து, இப்போது அவள் வெளிநாட்டில். ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீடியோவில் வந்து, "அப்பா, இந்த முறை ஆரின்ரை வீட்டு மண்?" என்று கேட்கிறாள். தாயும் மகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். ஆனால் மூன்று பேரும் ஒரே அறைக்குள் நின்று கத்திய அந்தப் பின்னேரத்தை நினைத்தால், இந்த வீட்டின் அமைதி பிடிக்கவில்லை.

நாங்கள் கத்திய அன்று ஆறு மணிக்கு அழைப்புமணி அடித்தது. பேராசிரியரே வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றினார், கும்பத்தைச் சுற்றிவந்து முளைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு சிங்களத்தில் வதனியிடம் சொன்னார்: "பூசை முடியட்டும், அம்மா. மஞ்சள் தண்ணீர் பட்டாலும் மண் தன் ஊரை மறக்காது. பிறகு எடுத்து அளக்கலாம். மகளுக்கு அதுவரை தவணை தருகிறேன். குற்றம் நடந்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்றுதானே நாங்களும் படிப்பிக்கிறோம்."

என் பக்கம் திரும்பினார்.

"சந்தேக நபர் மட்டும் விஜயதசமி வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது."