மழையை விரட்டிய கம்பம்

ஏரிக் காவல் குடிசை,
ஜனவரி 19

மதிப்புக்குரிய மச்சானும் எங்கள் ஊர்ச் சபைத் தலைவருமான ஃபோர்துனாத்தோ அவர்களுக்கு,

மைத்துனன் சதுர்நீனோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று சொல்வது வழக்கம், சொல்லிவிட்டேன். அங்கே நீங்களும் என் தங்கை எவுதோசியாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்ற கவலையில்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் நாற்பது பேரோடு கடப்பாரையும் மண்வெட்டியுமாக மலையேறி வந்தீர்கள். "மச்சான், இந்தக் கம்பந்தான் மேகத்த வெரட்டுது. இத நட்டதுலேர்ந்து ஒரு சொட்டு மழ உண்டா?" என்று கேட்டீர்கள். "அது ஏரியப் பாக்குது மச்சான், வானத்தப் பாக்கல. பனிப்பாறை ஒடஞ்சு ஏரியில விழுந்து வெள்ளம் கெளம்புனா ஊர்ல அபாயச் சங்கு ஊத வைக்கும், அவ்வளவுதான்" என்றேன். யார் கேட்டார்கள்? நாற்பது பேரும் நான் வைத்த உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்துவிட்டுக் கம்பத்தைப் பிடுங்கினீர்கள், அது சாயும்போது எச்சரிக்கை மணி அலற, உங்கள் கோவேறு கழுதை மிரண்டு கேமராவையும் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு ஓட, பிடிக்கப் போன நீங்கள் சகதியில் விழ, கம்பத்துக்கு உயிர் இருக்கிறது என்று எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் உறைபனியில் கிழங்குச் செடிகள் கருகியதும் கம்பம் விட்ட சாபமாம். சரி, கம்பம் போய் ஒரு மாதமாகிறதே, மழை எங்கே மச்சான்?

தினமும் மத்தியானம் பனிப்பாறையில் ஒரு துண்டு உடைந்து ஏரியில் விழுகிறது. செவ்வாய்க்கிழமை விழுந்த துண்டு உங்கள் வீட்டைவிடப் பெரிது, அலை குடிசை வாசல்வரை வந்து என் சூப் பானையையும் இடது கால் பூட்ஸையும் கொண்டுபோய்விட்டது. இப்போது ஊருக்குச் சங்கு நான்தான். ஒற்றைப் பூட்ஸோடு நான் இறங்கி வர நாலு மணி நேரம் ஆகும், தண்ணீருக்கு அரை மணி போதும். அந்த நேரத்தில் எவுதோசியா ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்து ராத்திரியெல்லாம் ஏரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கம்பத்தை நட்டுக்கொடுத்த பொறியாளர் அம்மா முந்தாநாள் நேரில் வந்தார். "நா யாரையும் திட்ட வரல" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் திட்டினார். ஆனால் நீங்கள் ஊருக்குத் தூக்கிப்போன கம்பத்தைக் கொண்டுவந்தால் திரும்பப் பூட்டித் தருகிறாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூக்கி வாருங்கள் மச்சான், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாதாவின் ஆசியும் மலையின் காவலும் உங்கள் எல்லாருக்கும் கிடைக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தம், கழுதைக்கு என் வருத்தம்.

தங்கள்
சதுர்நீனோ

பின்குறிப்பு: கம்பம் நட்ட அன்று மலைக்குப் படைக்கச் சொல்லி ஊர் கொடுத்தனுப்பிய சோளக் கள்ளையும் கோக்கா இலையையும் முறையாகப் படைத்துவிட்டேன் என்று சபையில் சொன்னேன் அல்லவா? படைக்கவில்லை. குளிர் தாங்காமல் கள்ளை நானே குடித்தேன், இலையையும் நானே மென்றேன். நீங்கள் கம்பத்தைப் பிடுங்கியபோதாவது சொல்லியிருக்க வேண்டும், பயத்தில் சூப் பானையைக் கழுவிக்கொண்டு நின்றேன். சபையைக் கூட்டி இதை எல்லாருக்கும் கேட்கும்படி படியுங்கள். மலைக்குக் கோபம் என்மேல்தான், கம்பத்தின்மேல் இல்லை. காவல் வேலையைப் பிடுங்குங்கள், ஊரைவிட்டுத் தள்ளிவையுங்கள், ஏனென்று கேட்க மாட்டேன். அதற்கு முன்னால் கம்பத்தை மட்டும் நட்டுவிடுங்கள்.