என்ன அட்டை?

தொலைபேசியை எடுத்ததும் ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்காமல் ‘என்ன அட்டை?’ என்று கேட்கும் உயிரினம் ஒன்று உண்டு. குடும்ப மருத்துவரின் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் அது வசிக்கும். அதன் குரலில் தேன் உண்டு; எவருக்கு எத்தனை சொட்டு என்பதைக் காப்பீட்டு அட்டையே தீர்மானிக்கும்.

ஐயமிருந்தால் எங்கள் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கேளுங்கள். மனைவியின் இடது கால் நான்கு நாளாக வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தபோது அவர் அங்கே அழைத்தார். செவ்வாய், காலை 9.04. ஆதாரம் இருக்கிறது, எதையும் தேதியிட்டுக் கோப்பில் சேர்ப்பவர் அவர்.

“என்ன அட்டைங்க?”

“அரசாங்கக் காப்பீடும்மா. வீட்டுக்காரிக்குக் கால் வீக்கம்...”

“அப்ப அடுத்த மாசம் இருபத்தாறு பாக்கலாமா?”

“அதுக்குள்ள கால் என்னம்மா ஆகும்?”

“அதை டாக்டர்தான் சார் சொல்லணும்.”

“அந்த டாக்டரைத்தாம்மா கேக்குறேன்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நலம் விசாரிக்க வந்திருந்த சகலை, 9.11க்குத் தம் கைபேசியில் அதே எண்ணை அழைத்தார். கம்பெனி கொடுத்த காப்பீடு. நோய், இரண்டு தும்மல்.

“நாளைக்குக் காலைல பத்தரைக்கு வர்றீங்களா சார்? இல்ல, பதினொண்ணு வசதியா?”

“பத்தரையை என் கொழுந்தியாளுக்குக் கொடுத்துடும்மா. அரசாங்க அட்டைதான்.”

“அது கம்பெனி அட்டைக்காரங்க பத்தரை சார். மாத்த முடியாது.”

ஊருக்கெல்லாம் ஒரே பத்தரை என்றா இத்தனை நாள் நம்பியிருந்தீர்கள்? பாவம் நீங்கள்.

மெக்கானிக் இரண்டு உரையாடல்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி, அடிக்கோடிட்டு, மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய மனுவின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருக்கையில், அவருடைய கைபேசி ஒலித்தது. ஒரு பெண்.

“அண்ணே, ஃபிரிட்ஜ் ஓடலை. அம்மாவோட இன்சுலின் உள்ள இருக்கு...”

“என்ன கம்பெனி?”

“பழசுண்ணே. பேரே அழிஞ்சு போச்சு.”

“பழசா? அடுத்த வாரம் பாக்கலாமா?”

இரண்டு தலையணைமேல் காலை ஏற்றிப் படுத்திருந்த மனைவி திரும்பினாள்.

“ஏங்க, கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற அந்தப் பொண்ணு உங்ககிட்டதான் தொழில் கத்துக்கிச்சா?”

சகலை தும்மினார். இம்முறை அது நோயன்று.

 மெக்கானிக் கைபேசியைக் காதோடு அணைத்து, “வீடு எங்கம்மா?” என்று கேட்டார். கருவிப் பெட்டியைத் தூக்குமுன் கோப்பைத் திறந்து, தம் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: செவ்வாய், 9.26. நானும்.

இன்சுலின் பிழைத்தது. கால் வீங்கியே இருக்கிறது. இருபத்தாறாம் தேதி இன்னும் வரவில்லை.

சிரிக்கிறீர்கள், வாசகரே, கேட்கிறது. நல்லது. உங்கள் வாசலிலும் எவரோ வந்து நிற்கிறார், போய்ப் பாருங்கள். கதவைத் திறந்ததும் உங்கள் கண் முதலில் போனது அவர் முகத்துக்கா, செருப்புக்கா?